ஏர் ரைஃபிளுக்கு எந்தப் பெல்லட்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 10 மீட்டர் ஏர் ரைஃபிளோ ஏர் பிஸ்டலோ பழக ஆரம்பிக்கிறவர்கள் துப்பாக்கி வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். உள்ளே போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டுக்கு வந்தால் மட்டும் கடைக்காரர் எடுத்து நீட்டிய டப்பாவை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு குறி சிதறினால் கையை நொந்துகொள்கிறார்கள், இல்லையென்றால் துப்பாக்கியை. பாதிக் காரணம் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம்.

விலை கூடிய பெல்லட்தான் நல்ல பெல்லட் என்பதில்லை. உங்கள் துப்பாக்கியின் பேரலுக்கு, அதாவது குழலுக்கு, எது ஒத்துப்போகிறதோ அதுதான் நல்லது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கூட வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும். அதனால் "நண்பருக்கு நன்றாகப் போகிறது" என்பதைக் கேட்டு வாங்க வேண்டாம். காகிதத்தில் சுட்டுப் பார்த்து வாங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு வேட்டைக்கான அனுமதி அல்ல. ஏரிக்கரையில் கொக்கு, வயலில் மணிப்புறா, மலையடிவாரத்தில் முயல், உடும்பு என்று எதைக் குறிவைத்தாலும் அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர் கன்தானே என்பதால் சலுகை கிடையாது. கீழே சொல்வதெல்லாம் இலக்கு அட்டையில் சுடுவதற்கு மட்டும்.

பெல்லட் எப்படி வேலை செய்கிறது

ஒரு பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் மெல்லிய சுவரோடு விரிந்த ஸ்கர்ட். ஸ்கர்ட்டின் உட்புறம் குழிவாக இருக்கும். தலை பேரலின் உட்புறம் சுழன்று செல்லும் ரைஃப்ளிங் வரிகளைத் தொட்டுக்கொண்டு நேராகப் போவதற்கு. ஸ்கர்ட் பின்னாலிருந்து வரும் காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைப்பதற்கு. ஈயம் மென்மையாக இருக்க வேண்டிய காரணம் இதுதான். கெட்டியான கலவையில் ஸ்கர்ட் சரியாக விரியாது, காற்று பக்கவாட்டில் கசியும், வேகம் ஒவ்வொரு சுடலுக்கும் மாறும்.

பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் சொந்தமாகப் பெல்லட் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். போட்டிப் பெல்லட் வார்த்து எடுப்பதல்ல, ஈயத்தை அச்சுக்குள் அழுத்திச் செய்வது. வார்த்தால் ஆறும்போது சுருங்கும், உள்ளே காற்றுக்குழி விழும், எடை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பேட்டரி ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருப்பதால் கெட்டியாகவும் இருக்கும். 327 டிகிரியில் உருகும் ஈயத்தின் மேல் மிதக்கும் கசடும் அதிலிருந்து கிளம்பும் தூசும் புகையும் வீட்டில் குழந்தை இருந்தால் செய்யவே கூடாத காரியம்.

தலையின் வடிவம்

10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். வட்டமாக, சுத்தமாக, பஞ்ச் மெஷின் போட்டதுபோல ஓட்டை விழும். மதிப்பெண் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். உருண்டைத் தலை பெல்லட் அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டையின் விளிம்பு பிசிறாக இருக்கும், அளக்க முடியாது. ஆனால் தட்டைத் தலை காற்றை நெட்டித் தள்ளுவதால் 20, 25 மீட்டருக்கு மேல் தள்ளாடும். அந்தத் தூரத்தில் இலக்கு வைப்பவர்கள் உருண்டைத் தலைக்குப் போகலாம். கூர்முனை, குழிமுனை வகைகளை அட்டைக்கு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். கூர்முனை நுனி துளி விலகியிருந்தாலும் சுழலும்போது பெல்லட் ஆடும்.

எடை

போட்டி ரைஃபிளுக்கு 0.53 கிராம் வகை வழக்கம். பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.50 கிராம். ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனியின் ஆர்-10 பெல்லட் இரண்டு எடையிலும் வருகிறது: 0.53, 0.45. எச் அண்ட் என் கம்பெனியின் ஃபினாலே மேட்ச்சில் ரைஃபிளுக்கு 0.53, பிஸ்டலுக்கு 0.49. சீனாவின் க்யூ.ஒய்.எஸ். பெல்லட்டும் இந்தியாவில் நிறையப் பேர் கையில் இருக்கிறது. இந்த எடைகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில ரைஃபிள் பிஸ்டல் பெல்லட்டில்தான் நன்றாகச் சுடும். சோதனையில் இரண்டையும் சேருங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் எடையில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அதில் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து காற்றை அழுத்துகிறது. பெல்லட் மிக இலேசாக இருந்தால் அது சீக்கிரமே நகர்ந்துவிடும், பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக இருக்க வேண்டிய காற்று போய்விடும், பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும். சீல் கிழியும், ஸ்பிரிங் உடையும், ஸ்கோப் இருந்தால் அதுவும் கெடும். மிகக் கனமானது போட்டால் பிஸ்டன் எகிறித் திரும்பும், துப்பாக்கி உதறும். 0.50 முதல் 0.55 கிராம் வரை பாதுகாப்பான இடைவெளி.

"அதிவேகம்" என்று அச்சடித்து வரும் ஈயமில்லாத இலேசான அலாய் பெல்லட்டுகளைப் பற்றி ஒரு கணக்கு. 20 ஜூல் ஆற்றலில் 0.53 கிராம் பெல்லட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 275 மீட்டர். அதே ஆற்றல் 0.30 கிராமுக்குக் கிடைத்தால் 365 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகமே 350-ஐ ஒட்டித்தான். ஒலிவேகத்தைக் கடந்து மீண்டும் கீழே இறங்கும் இடத்தில் இடுப்பு ஒடுங்கிய பெல்லட் நிலைகுலைந்துவிடும். டப்பாவின் மேலுள்ள வேகம் அட்டையில் மதிப்பெண்ணாக மாறாது.

தலையின் விட்டம்

விஷயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. டப்பாவின் அடியிலோ பக்கவாட்டிலோ 4.49, 4.50, 4.51, 4.52 என்று ஒரு எண் ஒட்டியிருக்கும். அது மி.மீ. கணக்கில் தலையின் விட்டம். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். செய்யும். தலை சிறுத்தால் வரிகளைச் சரியாகப் பற்றாமல் பேரலுக்குள் சாய்ந்து போகும். பெருத்தால் வரிகள் ஈயத்தை ஆழமாகக் கீறும், உராய்வு கூடும், வேகம் சமமாக இருக்காது.

பேரல் மடங்கும் ரைஃபிளில் இதை விரலாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெல்லட்டைப் பேரலின் பின்துளையில் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். தானாகவே உள்ளே விழுந்தால் சிறியது. நகத்தால் குத்தித் தள்ளி ஸ்கர்ட் நெளிந்தால் பெரியது. சின்னதாக ஒரு தடை தெரிந்து, பின்விளிம்பு பேரலின் முகத்தோடு சமமாக நின்றால் சரி. லீவர் தள்ளி ஏற்றும் போட்டி ரைஃபிள்களில் இந்த உணர்வு கிடைக்காது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வெர்னியர் காலிப்பர் வைத்துத் தலையை அளக்க முயலாதீர்கள். மென்மையான ஈயம் தாடைக்கு நடுவில் நசுங்கும், வரும் எண் பொய். அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு சன்னல் கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, ஒரு பக்கத்தை இரண்டு புத்தக உயரம் தூக்கி, மேலிருந்து பெல்லட்டை ஒரே இடத்தில் வைத்து உருட்டிவிடுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் வெவ்வேறு விட்டம் என்பதால் அது நேராக உருளாது, வளைந்து ஓடும். ஒரே அளவுள்ளவை கீழே ஒரே இடத்தில் வந்து நிற்கும். 20 உருட்டினால் 18 ஒரு விரல்கடைக்குள் விழுந்தால் அந்த டப்பா ஒழுங்கானது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால், அதே சிதறல் அட்டையிலும் வரும். தத்தளித்துக்கொண்டு உருள்கிறவற்றில் ஸ்கர்ட் நசுங்கியிருக்கும்.

நசுங்கிய ஸ்கர்ட்

சென்னையிலிருந்தும் ஆன்லைனிலும் வரும் பார்சல் எத்தனை கை மாறி, எத்தனை முறை தூக்கிப்போடப்பட்டு வேலூருக்கு வருகிறது என்பதை நினைத்துக்கொண்டு டப்பாவைத் திறங்கள். டப்பாவின் விளிம்பு நெளிந்திருந்தால் உள்ளே இருப்பதும் நெளிந்திருக்கும். வெள்ளைத் துணியில் ஐம்பது பெல்லட்டைப் பரப்பி, ஸ்கர்ட் மேலே பார்க்கும்படி நிறுத்தி, செல்போன் டார்ச்சைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். வட்டம் முட்டை வடிவமாக இருப்பவை, விளிம்பில் பல் விழுந்தவை, உட்குழியில் ஈயத்தூள் ஒட்டியவை எல்லாம் நிழலில் பளிச்சென்று தெரியும். அவற்றைத் தனி டப்பாவில் போட்டுப் பழகுவதற்கு மட்டும் வையுங்கள். ஐம்பதில் ஐந்துக்கு மேல் போனால் அந்தக் கடையில் மறுபடி வாங்க வேண்டாம்.

எடை போட்டுப் பிரிப்பதில் ஆரம்பக்காரர்கள் நேரம் செலவிட வேண்டியதில்லை. நொடிக்கு 170 மீட்டரில் போகும் போட்டி ரைஃபிள் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 18 மி.மீ. கீழே இறங்குகிறது. எடை நூற்றுக்கு ஒரு பங்கு மாறினால் இறக்கமும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான் மாறும், அதாவது 0.2 மி.மீ.கூட வராது. நெளிந்த ஒரே ஒரு ஸ்கர்ட் அதைவிடப் பல மடங்கு தள்ளிப் போடும். அப்படியும் எடை போட வேண்டுமானால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 காட்டுவது இதற்கு உதவாது.

சுட்டுப் பார்ப்பது

நான்கு வகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெல்லட்டின் இரண்டு தலை அளவு, வேறு கம்பெனியின் ஒன்று, எடை குறைந்த ஒன்று (ஸ்பிரிங் ரைஃபிளுக்கு 0.50 கிராமுக்குக் கீழே போகாமல்). முழு டப்பா நான்கு வாங்குவதற்குப் பதிலாகக் கூடப் பழகுகிறவர்களோடு ஆளுக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும்.

10 மீட்டர் என்றால் 33 அடிக்குக் கொஞ்சம் குறைவு. டேப் வைத்து அளங்கள், காலடியால் அல்ல. மொட்டை மாடியில் வேண்டாம். குறி தவறிய பெல்லட் அடுத்த தெருவுக்குப் போகும். முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீடோ, நீண்ட ஹாலோ போதும். சுடும் வழியில் கதவே இருக்கக் கூடாது, இருந்தால் தாழ் போட்டிருக்க வேண்டும். இலக்கின் பின்னால் 45 டிகிரி சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். வெறும் சுவரில் சுட்டால் ஈயம் திரும்பித் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவரும்தான்.

அட்டை முக்கியம். சாதாரண ஏ-4 தாளில் ஓட்டை கிழியும், அளவு தவறும். அதிகாரபூர்வ இலக்கு அட்டை கிடைக்காவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையைத் திருப்பிப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தத் தடிமனில் தட்டைத் தலை சுத்தமாக வெட்டும்.

சுடும் நேரம் காலை பத்துக்குள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் பகல் 40 டிகிரியைத் தாண்டும். கை வியர்த்து, கண் எரிந்து, சோதனை பெல்லட்டைப் பற்றியதாக இல்லாமல் உங்களைப் பற்றியதாக ஆகிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், அட்டை ஆடும்.

மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் ரைஃபிளை வையுங்கள். அழுத்தக் காற்று ரைஃபிளை நேரடியாகப் பையில் அமர்த்தலாம். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைத்தால் எகிறும். பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ரைஃபிள் தளர்வாக உட்கார வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். சுடுவதற்கு முன் ஸ்டாக்கின் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையின்) திருகுகளை முறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். தளர்ந்த திருகோடு செய்த சோதனைக்கு மதிப்பில்லை.

வகை மாற்றும்போதெல்லாம் முதல் 15 பெல்லட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் மசகும் பேரலில் படிந்திருக்கும், புதியது தன் படிவைப் போட்டுக்கொள்ள அவ்வளவு வேண்டும். பிறகு ஒரே பொட்டில் 10. மூன்று சுட்டு மூன்றும் ஒட்டி விழுந்ததைப் பார்த்து முடிவெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூன்று என்பது அதிர்ஷ்டம், பத்தில்தான் உண்மை தெரியும். நான்கு வகையையும் வரிசையாக ஒருமுறை, அடுத்த நாள் காலை தலைகீழ் வரிசையில் ஒருமுறை. களைப்பு ஒரே வகையின் தலையில் விழாமல் இருக்க இது. மொத்தம் 200 பெல்லட் ஆகும்.

ஒரே பொட்டில் விழுந்த பத்து ஓட்டைகளும் சேர்ந்தது ஒரு குரூப். அதில் மிகத் தூரமான இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து 4.5-ஐக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம். நல்ல போட்டி ரைஃபிளை இடுக்கியில் மாட்டிச் சுட்டால் இது 1 மி.மீ.யை ஒட்டி வரும். கையால், பையில் வைத்து 3 மி.மீ. வந்தால் நல்ல பெல்லட். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் பத்தையும் ஒரு ரூபாய் நாணயம் மூடினால் திருப்தியாக வாங்கலாம்.

இந்த மில்லிமீட்டர் கணக்கு ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ. தசமக் கணக்கில் மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 போகும். பெல்லட் தானாகவே 2 மி.மீ. விலகினால் கை அசையாமல் பிடித்திருந்தாலும் 10.2-தான். 60 சுடலில் ஒவ்வொன்றுக்கும் 0.1 போனாலும் 6 புள்ளி. மாவட்ட அளவிலேயே அது பல இடங்களைப் பின்னுக்குத் தள்ளும்.

அளவோடு வடிவத்தையும் படியுங்கள். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் மாறுகிறது: தலை அளவு பொருந்தவில்லை, அல்லது பேரல் மடங்கும் இடத்து சீல் கசிகிறது. இடவலமாக நீண்டால் ட்ரிக்கரை இழுக்கும் விரலைச் சந்தேகியுங்கள், பெல்லட்டை அல்ல. எட்டு ஒட்டி விழுந்து இரண்டு மட்டும் ஓடிப்போனால் அந்த இரண்டும் நசுங்கியவை. அந்த வகையை ஒதுக்காமல், பொறுக்கியெடுத்து மறுபடி சுட்டுப் பாருங்கள். எல்லாம் வட்டமாகப் பரவினால் அந்தப் பெல்லட் உங்கள் பேரலுக்கு இல்லை.

எண்ணெய், சேமிப்பு, ஈயம்

ஸ்பிரிங் ரைஃபிளின் பேரலில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றும். சத்தம் அதிகமாகும், புகை வரும், வேகம் தாறுமாறாக ஏறும், சீல் கருகும். பேரலைத் துடைக்க ஃபெல்ட் துண்டைத் தனியாக வைத்துச் சுடுவதும் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஆகாது, பிஸ்டனைத் தடுக்க எதிரே கனம் இருக்காது. மெல்லிய நைலான் கயிற்றில் துணி கட்டி இழுத்துவிடுங்கள்.

பெல்லட் டப்பாவை மர பீரோவிலோ அட்டைப்பெட்டியிலோ வருடக்கணக்கில் வைக்காதீர்கள். மரமும் அட்டையும் விடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம், ஸ்டீல் அலமாரி. வெள்ளை பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுட நினைக்க வேண்டாம். அந்தப் பொடி விஷம்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளைக்குத்தான் பாதிப்பு அதிகம். நேரம் மிச்சமாகும் என்று பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் அன்றே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீயோ முறுக்கோ தொடக் கூடாது. இலக்குப் பெட்டியின் அடியில் சேரும் தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். நசுங்கிய ஈயத்தை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, ஈயம் என்று சொல்லியே பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.

வாங்கும்போது

பேரலுக்குப் பொருந்திய பெல்லட் தெரிந்தபின் டப்பாவின் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கையிலிருக்கும் காசுக்கு எத்தனை முடியுமோ அத்தனை வாங்குங்கள். பெயரும் தலை அளவும் ஒன்றாக இருந்தாலும் அச்சு தேயத் தேய அடுத்த லாட் வேறு மாதிரி வரும். 60 சுடலும் அதற்கு முன் பழகும் சுடலும் சேர்த்தால் 500 உள்ள டப்பா ஆறு நாள் பயிற்சிக்குக்கூட முழுதாக வராது. போட்டிக் காலத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். கையிருப்பு தீரும்போது பழைய லாட்டில் 50 பெல்லட்டை எடுத்து மூடி வையுங்கள். புது லாட் வந்ததும் ஒரே காலையில், ஒரே பையில், இரண்டையும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, பழையதைவிட மோசமாக இல்லை என்றால் மட்டும் மீதி டப்பாக்களுக்குப் பணம் கட்டுங்கள்.